உலக்கைக்குப் பசி தெரியுமா?

கோலாரில் 1880-க்குப் பிறகு ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் தங்கப் பாறையைப் பொடியாக்கியவை இரும்பு உலக்கைகள். ஸ்டாம்ப் மில் என்று பெயர்.

கல் குறைந்தால் இரும்போடு இரும்பு மோதித் தேயும்; அதிகமானால் அடி சரியாக விழாது. இத்தகைய ஆலைகளில் முதலில் ஆட்கள்தான் மண்வாரியால் அள்ளிப் போட்டார்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானியங்கி ஊட்டிகள் வந்தன. சான்பிரான்சிஸ்கோவில் ஜோஷுவா ஹெண்டி நிறுவனம் தயாரித்த 'சேலஞ்ச்' அவற்றில் புகழ்பெற்றது.

தத்துவம் எளிது. உரலில் கல் குறைந்தால் உலக்கை இன்னும் கீழே இறங்கும். அப்போது ஒரு கம்பியை இடிக்கும். ஊட்டி அசைந்து கல்லைத் தள்ளும். நிறைந்தால் இடிக்காது. மின்சாரமே தேவையில்லை!

உலக்கை தன் பசியைத் தானே சொன்னது. ஆனால் கோலாரில் அந்தப் பசிக்குக் கல் வெட்டப் பூமிக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர், வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களில் பலர் அவர்கள் வழி வந்தவர்களே.