சேலம், நாமக்கல் பகுதியில் தாவர, கனிம அண்மை ஒளிப்படக்கலை

மேக்ரோ எனப்படும் அண்மை ஒளிப்படம், சிறு பொருள்களை மிக அருகிலிருந்து பெரிதாகக் காட்டும் பதிவு முறையாகும். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் காட்டுச்செடிகளையும் கற்களையும் இவ்வாறு படமெடுப்பது இன்று பலருக்குப் பொழுதுபோக்காக உள்ளது. ஆனால், அவற்றை நெருங்கிப் பார்த்துப் படமாக்கும் வழக்கம் ஒளிப்படக்கருவிக்கு முந்தியது. அது ஓவியரின் தூரிகையிலும் நிலவியலாளரின் நுண்ணோக்கியிலும் தொடங்கியது.

தாவரப் படங்கள்

தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த இராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக 2101 படத்தகடுகளை வெளியிட்டார். ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் அவருக்காக வரைந்தனர். முழுக்கிளையோடு நில்லாமல் மகரந்தத்தாள், சூலகம், விதை ஆகியவற்றையும் தனித்தனியே பெரிதாக்கிக் காட்டினர். இன்றைய அண்மை ஒளிப்படம் செய்யும் வேலை இதுவே.

அதே காலத்தில், 1843இல் இங்கிலாந்தில் அன்னா அட்கின்சு கடற்பாசிகளின் நிழலுருக்களை ஒளியுணர் தாளில் பதித்து நூலாக்கத் தொடங்கினார். 1928இல் செருமனியின் கார்ல் பிளாசுபெல்ட் செடிகளின் மொட்டையும் தளிரையும் பன்மடங்கு பெரிதாக்கிய ஒளிப்படங்களை நூலாக வெளியிட்டார்.

எனினும் தமிழகத் தாவரவியலில் கோட்டோவியம் நெடுங்காலம் நிலைத்தது. திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மேத்யூ, சேர்வராயன், கொல்லி மலைகள் உள்ளிட்ட பகுதியின் தாவரங்களைத் தொகுத்தார். அவரது படத்தொகுதி 1982இலும், விளக்கத் தொகுதி 1983இலும் வெளிவந்தன. ஒளிப்படத்தில் நிழலில் மறையும் உறுப்பையும் கோட்டோவியம் தெளிவாகக் காட்ட வல்லது என்பதே அதன் சிறப்பு.

கனிமப் படங்கள்

1816இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசெனோ, சேலம் பகுதிப் பாறைகளைத் திரட்டிப் பாரிசுக்கு அனுப்பினார். பல பத்தாண்டுகள் கழித்து, 1889இல் ஆல்பிரட் லாக்ருவா அவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்து எழுதினார். பாறையை ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் தடிப்புக்குத் தேய்த்தால் ஒளி அதனுள் ஊடுருவும். முனைவாக்கப்பட்ட ஒளியில் பார்க்கும்போது ஒவ்வொரு கனிமமும் தனக்குரிய நிறத்தையும் கோலத்தையும் காட்டும்.

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியின் அனார்த்தோசைட்டு பாறை இதற்கு நல்ல சான்று. வெளியே வெளிறித் தோன்றும் இப்பாறையின் பெல்சுபார் கனிமம், நுண்ணோக்கியில் கறுப்பும் வெள்ளையுமான பட்டைகளாகத் தெரியும். சில இடங்களில் குருந்தக்கல் மணிகளும் இதில் பதிந்துள்ளன. ஏ. பி. சுப்பிரமணியம் 1956இல் இப்பாறைத் தொகுதி பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான்-2 திட்டத்துக்கான செயற்கை நிலவு மண்ணை உருவாக்க இசுரோ சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைப் பயன்படுத்தியது.

பழைய ஆய்வுகளில் இவ்விடங்கள் சேலம் மாவட்டம் என்றே குறிக்கப்படும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான்.

பொழுதுபோக்காக மாறியது

பிலிம் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்களே எடுக்க முடியும். கழுவி வந்த பிறகே படம் தெளிவா, மங்கலா என்பது தெரியும். மிக அருகில் எடுக்கும்போது சில மில்லிமீட்டர் ஆழமே தெளிவாக விழும். சிறு காற்றில் பூ அசைந்தாலும் படம் வீணாகும். இதனால் சோதித்துப் பழகுவதற்கே செலவு மிகுதியாயிற்று. எண்ணிமக் கருவியும் கைப்பேசியும் இத்தடையை நீக்கின. வெவ்வேறு குவியத்தில் எடுத்த பல படங்களை இணைத்து முழுத்தெளிவு பெறவும் வழி பிறந்தது.

இதற்கு அரிய செடி தேவையில்லை. வயல்வரப்பில் வளரும் அம்மான் பச்சரிசியில் ஒரு பூவாகத் தெரிவது, உண்மையில் ஒரு பெண்பூவையும் பல ஆண்பூக்களையும் கொண்ட சிறு கொத்து. சேலம் சுண்ணாம்புக்கரட்டின் வெள்ளைக்கல்லும், கஞ்சமலையின் இரும்புத்தாதுப் பட்டைகளும் அருகில் பார்ப்போர்க்கு அதேபோன்ற வியப்பைத் தருவன.

ஆவண மதிப்பு

உலர்தாவரகத் தாளில் செடியுடன் இடமும் நாளும் எழுதப்பட்டிருக்கும். நுண்ணோக்கிப் படத்தில் உருப்பெருக்கம் குறிக்கப்பட்டிருக்கும். இக்குறிப்புகள் இல்லாத அண்மைப் படம் அழகாக இருக்கலாம். ஆனால் அது எந்த ஊர்ச் செடி, எவ்வளவு பெரிய கல் என்று பின்னால் வருபவரால் அறிய முடியாது. சுண்ணாம்புக்கரட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாக வெள்ளைக்கல் வெட்டப்பட்டு நிலத்தின் உருவமே மாறியுள்ளது. அத்தகைய இடங்களில் நாள், இடம், அளவு ஆகிய மூன்றும் குறித்த ஒரு படம், வெட்டப்பட்டுப்போன பாறைக்கு எஞ்சும் சான்றாக அமையக்கூடும். செடியைப் பிடுங்காமலும் கல்லை உடைக்காமலும் இச்சான்றைச் சேர்க்க முடிவது இப்பொழுதுபோக்கின் தனிச்சிறப்பாகும். எனினும் அரிய ஆர்க்கிடு போன்ற செடிகள் திருட்டுக்கு உள்ளாகும் என்பதால், அவற்றின் துல்லியமான இடத்தைப் பொதுவில் வெளியிடாமல் ஆய்வாளர்களிடம் மட்டும் தெரிவிப்பது நல்லது.