பொறிபெயர்ந்த இளவரசன்

ஒரு நூலை ஒரு மொழியினின்றும் பிறிதொரு மொழிக்குக் கொணர்வதை மொழிபெயர்ப்பு என்கிறோம். ஒரு கணினிக்கென எழுதப்பெற்ற விளையாட்டை மற்றொரு கணினிக்கேற்ப மாற்றியமைப்பதைப் பொறிபெயர்ப்பு என்று வழங்கினால் தவறாகாது. பெயர்க்கும்போது எது நிலைக்கிறது, எது உதிர்கிறது என்னும் வினா இரண்டிற்கும் பொது. அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ என்னும் விளையாட்டைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

ஜோர்டான் மெக்னர் என்னும் இளைஞர் இதனை ஆப்பிள் 2 கணினிக்காக ஏறத்தாழத் தனியொருவராகவே ஆக்கினார். கதை எளியது. அமைச்சன் ஜாபர் இளவரசிக்கு ஒரு மணி நேரம் தவணை தருகிறான். தன்னை மணக்க இசைய வேண்டும், அன்றேல் இறக்க வேண்டும். நிலவறையில் அடைபட்ட நாயகன் அந்த 60 நிமிடத்திற்குள் 12 கட்டங்களைக் கடந்து அவளை மீட்க வேண்டும்.

கதையினும் சிறந்தது நாயகனின் நடையே. மெக்னர் தம் இளவலை வெள்ளாடையில் ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அவ்வுருவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். வாட்போரின் அசைவுகளை 1938-இல் வந்த ராபின் ஹூட் திரைப்படத்தினின்றும் எடுத்தார். ஆகவே, இளவரசன் ஓட்டத்தை நிறுத்தினால் உடனே நிற்பதில்லை. கால் சறுக்கியே நிற்பான். அவனுடலுக்கு எடை உண்டு.

இவ்வுருவங்கள் அனைத்தும் கணினியின் நினைவகத்தை நிறைத்துவிட்டன. பகைவன் ஒருவனை வரைய இடமில்லை. மெக்னர் நாயகனின் படத்தையே ஒரு புள்ளி நகர்த்தி, அதே படத்தின்மீது பொருத்தி, ஒத்த பகுதிகள் மறையுமாறு செய்தார். ஒளிக்கோடுகளாலான ஓர் உருவம் எஞ்சியது. அதுவே நிழல் மனிதன். கண்ணாடியைப் பாய்ந்து கடக்கும் நாயகனிடமிருந்து பிரிந்து சென்று, அவன் அருந்தவேண்டிய மருந்தைக் குடித்துவிடுகிறான். இறுதியில் வாளோடு எதிர்நிற்கிறான். அவனை வெட்டினால் காயம் நமக்கே. வாளை உறையிலிட்டால் இருவரும் ஒன்றாகின்றனர். வறுமை பெற்ற குழந்தை இது! எனினும் இதனை நீக்கின் விளையாட்டின் உயிரே நீங்கும்.

ஆப்பிள் 2 அந்நாளில் சந்தையில் மங்கிவந்தமையால், மூலம் அதிகம் விற்கவில்லை. இளவரசனைக் காத்தவை பெயர்ப்புகளே. 1990-இல் டாஸ் கணினிகளுக்கு வந்த வடிவம் மூலத்திற்கு நெருங்கியது. நிறம் மிகுந்ததேயன்றி நடை மாறவில்லை. அவ்வாண்டே ஜப்பானியர் தம் பிசி-98 கணினிக்கு ஆக்கியபோது நாயகனுக்குத் தலைப்பாகையும் மேற்சட்டையும் அணிவித்தனர். 1992-இல் மெக்கின்டாஷ் வடிவம் அவ்வேடத்தை ஏற்றது. இன்று பலர் மனத்தில் நிற்கும் இளவரசன் தலைப்பாகையுடையவன். மூலத்திலோ அவன் வெறுந்தலையன். பெயர்த்தவர் சேர்த்த அணி மூலத்தையே வென்ற இத்தகைய விந்தையை இலக்கியத்திலும் காண்கிறோம்.

1992-இல் சூப்பர் ஃபாமிகாம் பொறிக்கு வந்த வடிவம் துணிவு மிக்கது. கட்டங்கள் 20, நேரம் 120 நிமிடம். புதிய படங்கள் அழகியவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு மணி நேரத்தின் நெருக்கடி தளர்கிறது. இதனைப் பெயர்ப்பு என்பதினும் வழிநூல் என்பதே பொருந்தும். ஒப்பிடின், வண்ணமற்ற கேம்பாய் சிறுதிரை வடிவத்தையே மூலத்தின்பால் விசுவாசமுடையதாக நாம் கருதுகிறோம். 2007-இல் வந்த மறுபதிப்பு அறைகளின் அமைப்பை அவ்வாறே வைத்துக்கொண்டு ஓவியத்தை முற்றிலும் புதுக்கியது.

மூலச்சுவடியோ நெடுங்காலம் காணாமற் போயிருந்தது. 2012-இல் மெக்னரின் தந்தையார், விளையாட்டிற்கு இசையமைத்தவரும் அவரே, தம் இல்லத்தில் பழைய வட்டுகள் கிடந்த பெட்டியொன்றைக் கண்டெடுத்தார். வல்லுநர் துணையோடு அவற்றினின்றும் மீட்ட நிரலை, அவ்வாண்டே மெக்னர் யாவரும் படிக்குமாறு இணையத்தில் வெளியிட்டார். நிழல் மனிதனைத் தோற்றுவித்த கட்டளைகளும் அதில் உள்ளன.