ஸ்டோர்ச் சத்தமும் தப்புச் சத்தமும்: கனத்த இசையின் பிறப்பு பற்றிய ஆலை வாதத்தை ஊவாவிலிருந்து மறுபரிசீலித்தல்

ஹெவி மெற்றல் இசையின் தோற்றத்தைச் சமூக வரலாறாக எழுதியவர்களுள் லீ மைக்கல் ஹரிசனின் வாதம் எடுப்பானது. 2010 இல் 'ஜேர்னல் ஒவ் சோஷல் ஹிஸ்டரி' இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரைக்கு 'ஆலை இசை' என்றே தலைப்பு. போருக்குப் பிந்தைய பேர்மிங்ஹாம் நகரின் தொழிற்சாலைச் சூழலும் தொழிலாளர் குடியிருப்பு வாழ்வும் சேர்ந்துதான் இந்த இசையைப் பெற்றெடுத்தன என்பது அவருடைய நிலைப்பாடு. சான்றுகளும் கைவசம் இருக்கின்றன. பிளாக் சப்பாத் குழுவின் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் இறைச்சிக் கொட்டிலிலும் கார் ஹோர்ன்களைச் சுருதி பார்க்கும் ஆலையிலும் வேலை பார்த்தவர். மேளகாரர் பில் வோர்ட் நிலக்கரி விநியோகித்தவர். கிற்றார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் தகட்டு ஆலையொன்றில், வேலையை விட்டு விலகவிருந்த கடைசி நாளில், வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். இடக்கை வாசிப்புக்காரரான அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுதான்.

இவ்வளவும் உண்மை. இவற்றிலிருந்து, ஆலையின் கனம் இசையின் கனமாயிற்று என்ற முடிவுக்கு எவரும் எளிதாக வந்து சேரலாம். வழி அவ்வளவு எளிதாக இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஹரிசன் பேர்மிங்ஹாமைப் பற்றித்தான் பேசினார், உலகிலுள்ள ஆலைகளுக்கெல்லாம் விதி வகுக்கவில்லை என்று அவர் சார்பில் சொல்லலாம், அது நியாயமும்கூட. ஆனால் ஒரு காரணம் ஓரிடத்தில் காரணமாக வேண்டுமானால், அதே காரணம் இருந்தும் விளைவு வேறாகிய இடத்தையும் அது விளக்க வேண்டும். பிரித்தானிய முதல், பிரித்தானிய இயந்திரம், தலைமுறை தலைமுறையாக அடைபட்ட தொழிலாளர் வரிசை வீடுகள் ஆகிய எல்லாமே இலங்கையின் ஊவா மாகாணத்தில், பதுளையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களிலும் இருந்தன. ஆகவே இக்கட்டுரை முதலில் பேர்மிங்ஹாம் சான்றையே உரசிப் பார்த்துவிட்டுப் பிறகு ஊவாவுக்கு வருகிறது.

அயோமியின் விரலிலிருந்து தொடங்கலாம். விபத்து நடந்தது 1965 இல். திரவச் சவர்க்காரப் போத்தலின் பிளாஸ்ரிக்கை உருக்கி, விரலுக்கு உறை செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டு அவர் மீண்டும் வாசிக்கக் கற்றார். அழுத்த வலிக்காதபடி மெல்லிய தந்திகளைத் தேடினார். தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். இந்தத் தாழ்ந்த சுருதிதான் ஹெவி மெற்றலின் அடையாளம் என்பது பொதுவான நம்பிக்கை. ஆலை விபத்து, தளர்ந்த தந்தி, கனத்த நாதம் என்று சங்கிலி பூட்டப்படுகிறது. இதில் ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் ஒரு கண்ணி கழன்றுவிடுகிறது. மூன்று அரைச்சுரம் இறக்கிய சுருதி ஒலிப்பதிவில் அழுத்தமாக வந்தது 1971 இன் 'மாஸ்ரர் ஒவ் றியாலிற்றி' தொகுப்பில். 'பிளாக் சப்பாத்' என்ற முதற் தொகுப்போ 1970 பெப்ரவரி 13 இல் வந்தது. 1969 ஒக்ரோபரில் இலண்டனில் ஒரே நாளில் பதிவானது. அதில் கிற்றார் பெரும்பாலும் வழக்கமான சுருதியில்தான் நிற்கிறது. அதாவது, இந்த இசை பிறந்தது என்று எல்லோரும் கைகாட்டுகிற அந்த முதற் கணத்தில் தந்தி தளர்த்தப்படவே இல்லை.

கேட்போர் மீண்டும் மீண்டும் போய் நிற்கும் கணம் தொகுப்பின் முதற் பாட்டின் தொடக்கம்: மழை, மணியோசை, பிறகு மூன்றே சுரங்கள். அவற்றை நம் கணக்கில் எழுதிப் பார்ப்பது பயன் தரும். கீழ் ஷட்ஜத்தில் ஓர் அடி. அதற்கு நேர் மேல் ஷட்ஜம். அங்கிருந்து பிரதி மத்திமத்துக்கு இறக்கம். இறங்கிய இடத்தில் சுரம் நிற்பதில்லை. பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு விலகி நடுங்குகிறது. மேற்கத்திய எழுத்தாளர்கள் இந்த இடைவெளியைச் சாத்தானின் இடைவெளி என்று வர்ணித்து, அச்சத்தை அதிலேயே ஏற்றிவிடுகிறார்கள். 72 மேளகர்த்தாக்களில் சரிபாதி, 36, பிரதி மத்திமத்தில் நடக்கின்றன. அதே மத்திமத்தில் நிற்கும் கல்யாணியைக் கேட்டு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. எனவே அச்சம் சுர இடைவெளியில் இல்லை. அடிக்கும் அடிக்கும் நடுவே விடப்படும் காலத்தில் இருக்கிறது. பஞ்சமம் வந்துவிடும் என்று காதை ஏங்க வைத்து, வரவிடாமல் தடுப்பதில் இருக்கிறது. ஏறத்தாழ நான்கரை நிமிடத்தில் பாட்டு திடீரென்று குதிரைப் பாய்ச்சலில் போகும்போது அந்த ஏக்கம் உடைகிறது. அடைத்து வைத்ததைத் திறந்துவிடுவதே அந்தக் கணத்தின் கட்டமைப்பு.

அந்தச் சுர அமைப்புக்கு வழிவிட்டது எது? குழுவினரே சொல்லிவந்த கதையில் ஆலை இல்லை. தாழ்கிற்றார் வாசித்த கீசர் பட்லர், ஹோல்ஸ்ற் 1914 இல் எழுதத் தொடங்கிய 'கோள்கள்' தொகுதியின் செவ்வாய்ப் பகுதியை வாசித்துப் பழகிக்கொண்டிருந்தார். அதன் பின்னரே அயோமியின் மூன்று சுரம் வந்தது. போர்க் கடவுளுக்கான இசை ஆலைத் தொழிலாளி வீட்டு இளைஞனின் கைக்கு வந்து சேர்ந்தது வானொலி, இசைத்தட்டுகளின் வரலாறு. ஹரிசன் வரையும் புவியியலில் இதற்குரிய இடம் சிறிது. விரல் விபத்தைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அது இந்த மனிதரின் வாசிப்பு முறையை மாற்றியது. ஓசையைப் பெற்றெடுத்தது என்பதற்கு மட்டும் ஆண்டுகள் இடம் கொடுக்கவில்லை.

இனி ஊவா. மாகாணம் 1886 இல் தனியாக வகுக்கப்பட்டது. கோப்பி அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. இலங்கைக் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869 இல் முதலில் காணப்பட்ட இடம் இங்குள்ள மடுல்சீமை. கோப்பிக் காலத்துத் தோட்டத்தில் பழத்தைச் சதை நீக்கிக் காயவைக்கும் வேலையோடு இயந்திரத்தின் பங்கு ஏறத்தாழ முடிந்துவிடும். மிகுதி கொழும்பு ஆலைகளில் நடந்தது. வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்து, காயவைத்து, சலித்து எடுக்கும் தேயிலைதான் தோட்டத்துக்குள் தொடர்ந்த இயந்திர ஓசையைக் கொண்டுவந்தது. கெயின்ஸ்பரோவில் மார்ஷல் கம்பனி செய்த ஜக்சன் ரோலர்களும் பெல்பாஸ்டில் டேவிட்சன் செய்த சிரொக்கோ அடுப்புகளும் அந்த ஓசையின் உறுப்புகள். புகையிரதம் பண்டாரவளைக்கு 1894 இலும் பதுளைக்கு 1924 இலும்தான் வந்தது. பசறை, லுணுகலைப் பக்கம் போன இரும்பு மாட்டு வண்டியில் மலையேறியிருக்க வேண்டும்.

தப்பு என்ற தோல்மேளம் அதற்கும் முன்னால் வந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணி கூட்டிவந்த சனத்தோடு கோப்பிக் காலத்திலேயே வந்தது. இந்த வரிசை முக்கியம். பேர்மிங்ஹாமில் ஆலை முதல், இசை பின். ஊவாவில் கனத்த மேளம் முதல், ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலை பின். ஸ்டோரின் சத்தத்தைத் தப்பு பிரதி எடுத்தது என்று சொல்ல வழியே இல்லை.

இங்கு ஓர் ஆசை தடுக்கி விழ வைக்கும். ரோலர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 45 சுற்று சுற்றும். மெதுவான, பாரமான தாளம். அதை சப்பாத்தின் தொடக்க நடையோடும் தப்பின் விளம்ப நடையோடும் ஒட்டவைத்து அழகான ஓர் ஆய்வுக் கட்டுரையை எழுதிவிடலாம். ஆனால் ரோலர் முன்னால் நிற்பவர்கள் மிகச் சிலர். தோட்டத்துத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் மலையில் கொழுந்து எடுப்பவர்களும் கவ்வாத்து வெட்டுபவர்களும்தான். கச்சான் வீசும் ஜூலை முதல் செப்ரெம்பர் வரையிலான தரக் காலத்தில் ஸ்டோர் இரவிலும் ஓடும்; லயம் எனப்படும் வரிசை வீடுகளுக்கு அது தொலைவில் முனகும் ஓசை, அவ்வளவே. வேலையின் ஓசை அவர்களுக்கு வேறு.

அந்த ஓசை, விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, அழைத்த தப்பு. ஸ்டோர் இருக்கும் திசையிலிருந்து அல்ல, லயத்துக்குள்ளிருந்தே அது எழுந்தது. அதற்குச் சி. வி. வேலுப்பிள்ளை 1950களில் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதை நல்ல சான்று. அதன் நுழைவாயிலிலேயே மேளத்தின் அதிர்வு நிற்கிறது. விடியல் அதில் திடுக்கிட்டு எழுகிறது. அங்கே இயந்திரம் இல்லை. சி. வி. பிறந்தது 1914 இல் பூண்டுலோயா மடக்கும்புரத் தோட்டத்தில். அது ஊவா அல்ல, நுவரெலியா மாவட்டம். அவர் சான்றை இங்கே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. என்றாலும் பெரட்டு ஒழுங்கு கம்பனித் தோட்டங்களுக்குப் பொதுவானது என்பதால் பொருத்துகிறேன். துணிந்தே பொருத்துகிறேன் என்று சொல்வதும் தகும். ஒரு தொழிலாளர் கூட்டத்தைப் பற்றி எழுத வந்த அதன் முதற்பெரும் கவிஞருடைய காதுக்கு வேலை என்றால் தப்பு என்றே கேட்டது. ஆலை வாதத்துக்கு எதிராக இதைவிட நேரான சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதில் முரண் ஒன்று இருக்கிறது. பேர்மிங்ஹாமில் அதற்கு இணை இல்லை. ஆலை ஹோர்னை யாரும் சனிக்கிழமை மாலையில் மேடையேற்றிக் கொண்டாடவில்லை. ஊவாவில் ஆளை மலைக்கு விரட்டிய அதே தோல், மாசியில் காமன் கூத்துக்கும் அடிக்கப்பட்டது. ஒரே கருவி, ஒரே கை, சில வேளை ஒரே ஆள். மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நடுவார்கள். ரதியும் மதனும் வேடங்கட்டி லயம் லயமாக வருவார்கள். இறுதி இரவில் சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிவான்.

அந்த இரவின் தப்பைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். வட்டமான மரச்சட்டம், ஒரு முகம், மாட்டுத்தோல். இடக்கையில் நீண்ட மெல்லிய சிம்பு, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. மலைப் பனியில் தோல் நனைந்து தொய்ந்து 'பொத்' என்று ஒலிக்கும். கவ்வாத்து மிலாறைக் குவித்துத் தீமூட்டி அதில் முகத்தைக் காட்டுவார்கள். காய்ந்ததும் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். 'கண்' என்று வரும்வரை தீயை விட்டு எடுக்க மாட்டார்கள். இரவில் பலமுறை இது நடக்கும். அயோமி கனத்துக்காகத் தந்தியைத் தளர்த்தினார்; இவர்கள் கனத்துக்காகத் தோலை இறுக்குகிறார்கள். கனம் தாழ்ந்த சுருதியில்தான் இருக்கிறது என்ற முடிவு இந்தத் தீயருகில் நிற்காது. சனம் காத்திருக்கும் கணம் மதன் எரியும் கணம்: அடி நெருங்கி நெருங்கி இடைவெளியே இல்லாமல் போய், பிறகு ஓய்ந்து, ரதியின் ஒப்பாரிக்கு வழிவிடுகிறது. சப்பாத்தின் முதற் பாட்டு மெதுவிலிருந்து பாய்ச்சலுக்குப் போகிறது. கூத்து பாய்ச்சலிலிருந்து வெறுமைக்குப் போகிறது. திசை எதிர். அடைத்துத் திறக்கும் உத்தி ஒன்று.

ஹரிசனின் சட்டகத்தில் வர்க்கம் இருக்கிறது, சாதிக்கு இடமில்லை; பேர்மிங்ஹாமுக்கு அது தேவைப்படவில்லை. ஊவாவுக்கு அதில்லாமல் நடக்காது. தப்படிப்பது யாருடைய வேலை என்பது கப்பலேறும் முன்பே தீர்மானமாகியிருந்தது. ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆராய்ந்து 1975 இல் வெளியிட்ட நூலுக்குத் தலைப்பே இலங்கையில் சாதியின் தொடர்ச்சி. பேர்மிங்ஹாம் இளைஞன் ஆலையை விட்டு ஓடிக் கிற்றாரைப் பிடித்தான். கருவி அவனுக்கு விடுதலை. தோட்டத்து இளைஞர்களுள் பலருக்குத் தப்பைக் கீழே வைப்பதே விடுதலையாகப்பட்டது. தமிழகத்தில் பறை அண்மைப் பதிற்றாண்டுகளில் உரிமைக் குரலாக மேடையேறியதை இதனோடு ஒப்பிட வேண்டும். ஆனால் அது தனிக் கட்டுரைக்குரியது.

இலங்கையில் ஹெவி மெற்றல் வந்தபோது எங்கே வந்தது என்பதையும் கவனிக்கலாம். கொழும்பின் ஸ்ரிக்மாற்றா, கண்டியின் பரனோய்ட் ஏர்த்லிங் ஆகிய குழுக்கள் நகரங்களில், ஆங்கிலத்தில் பாடி எழுந்தன. ஸ்டோர் நிழலில் எதுவும் முளைக்கவில்லை. சிங்கப்பூரில் 1992 இல் தொடங்கிய ருத்ரா குழுவில் தமிழர்கள் இருந்தார்கள். அவர்கள் கை நீட்டியது வேதாந்தத்துக்கும் சமஸ்கிருத மந்திரத்துக்கும், தப்புக்கு அல்ல. தமிழ்ச் செவிக்கு அருகிலிருந்த மிகக் கனத்த ஓசையைத் தமிழ் மெற்றல்காரர்களே தாண்டிப் போனதற்கு மேலே சொன்ன சாதிக் காரணமும் ஒன்று என்பது என் ஊகம். ஊகம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சியிருப்பது காலக் கேள்வி. பெரட்டுக் களத்தை விட்டுத் தப்பு எப்போது நீங்கியது? கொம்பும் சங்கும் அதனிடத்தைப் பிடித்தது தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 1964 ஒக்ரோபர் 30 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கூத்துக் குழுவில் ரதி ஒரு கப்பலிலும் தப்புக்காரர் மறு கப்பலிலும் போயிருந்தால் குழு எஞ்சாது. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது துரைமாரின் பழைய ஒழுங்குகள் பலவும் கலைந்தன. இவ்விரண்டில் எதைக் காரணமாக்கினாலும் சில தோட்டங்கள் ஒத்துவரும், சில ஒத்துவரா. சி. வி.யின் கவிதையை வைத்து 1950களில் பெரட்டுத் தப்பு உயிரோடிருந்தது என்று முடிவுகட்டவும் எனக்கு மனம் வரவில்லை. 1914 இல் பிறந்தவர், சிறு வயதில் கேட்டதை நாற்பது வயதில் எழுதியிருக்கலாம். அப்படியானால் கவிதை காட்டும் விடியல் 1920களினுடையது. பசறைக்கு ஓர் ஆண்டும் ஹப்புத்தளைக்கு வேறோர் ஆண்டும் வரக்கூடும் என்ற நிலையில், மலையகம் முழுவதற்கும் ஒரே ஆண்டைப் போடுவதை விட இடைவெளியை அப்படியே விட்டுவைப்பது மேல்.