மரம் நடுதலும் பழனி மலையின் புல்வெளிகளும் – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

"வீட்டுக்கொரு மரம் வளர்ப்போம்" என்ற வாசகத்தைப் பள்ளிச் சுவர்களிலும் பேருந்துகளிலும் படித்து வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டு மாணவர்கள். புவி வெப்பமடைதல் பற்றிக் கட்டுரைப் போட்டி நடந்தாலும் பேச்சுப் போட்டி நடந்தாலும், தீர்வு என்று முதலில் வருவது மரம் நடுவதுதான். மரம் காற்றில் உள்ள கரியமில வாயுவை எடுத்துத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது என்பது அறிவியல் உண்மை. அதில் ஐயமில்லை. ஆனால் எந்த மரம், எந்த இடத்தில் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் மரம் நட்டால் என்ன ஆகும்? இதற்கு விடை தேட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நமது திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலையிலேயே அந்த விடை இருக்கிறது.

கிளாவரை எங்கே இருக்கிறது?

கொடைக்கானலில் இருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று மலைக் கிராமங்களைக் கடந்து சென்றால் கடைசியாக வருவது கிளாவரை. அதற்கு அப்பால் உள்ள மலைமுகட்டைத் தாண்டினால் கேரளாவின் வட்டவடை. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் ஆகியவை இப்பகுதியின் முக்கியப் பயிர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. படிக்கட்டு போல் அமைந்த வயல்களுக்கு நீர் தருவது மலை ஓடைகள். ஆகவே இங்குள்ள மக்களுக்கு மலையின் மேல் என்ன வளர்கிறது என்பது அழகு பற்றிய கேள்வி இல்லை, பிழைப்பு பற்றிய கேள்வி.

சோலையும் புல்வெளியும்

மேல் பழனி மலையின் இயற்கை அமைப்பு இரண்டு பகுதிகளைக் கொண்டது. பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் அடர்ந்த குட்டையான காடு இருக்கும். இதுதான் சோலை. அதைச் சுற்றி மேடுகளிலும் சரிவுகளிலும் பரந்த புல்வெளி இருக்கும். பனிக்காலத்தில் திறந்த வெளியில் உறைபனி விழுவதால் சோலை மரக் கன்றுகள் புல்வெளியில் எளிதில் பிழைப்பதில்லை. அதனால் இரண்டும் அருகருகே, தனித்தனியே நீடித்து வந்தன.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி இந்தப் புல்வெளியின் செடி. கடைசியாக 2018ல் பூத்தது. தமிழர்கள் மலையும் மலை சார்ந்த இடமும் என்ற நிலத்துக்கு ஒரு பெரிய மரத்தின் பெயரை வைக்கவில்லை, இந்தப் புதர்ச் செடியின் பெயரை வைத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வரையாட்டுக்கு மேய்ச்சல் நிலமும் இந்தப் புல்வெளிதான்.

ஆனால் ஆங்கிலேயர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். மரம் இல்லாத வெளி என்றால் அது அழிந்துபோன காடு அல்லது பயனில்லாத தரிசு என்பது அவர்கள் கருத்து. இது தவறு என்பது பிற்காலத்தில் தெரிய வந்தது. ஆர்.சுகுமாரும் அவருடன் பணியாற்றிய விஞ்ஞானிகளும் நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆராய்ந்து 1993ல் "நேச்சர்" இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புல் விட்டுச்செல்லும் கரிமத்துக்கும் மரம் விட்டுச்செல்லும் கரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அம்மலைகளில் புல்வெளி இருந்தது என்று அவர்கள் காட்டினார்கள். எனவே மனிதன் காட்டை வெட்டியதால்தான் இந்தப் புல்வெளி வந்தது என்று சொல்ல முடியாது.

மரங்கள் வந்த கதை

1845ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறினார்கள். ஊர் வளர வளர, குளிருக்கு விறகு தேவைப்பட்டது. சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. வேகமாக வளரும் மரம் வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் இருந்து யூகலிப்டஸ் (தைல மரம்), வாட்டில் ஆகியவை 19ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவரப்பட்டன. வாட்டிலை நீலகிரிப் பக்கம் சீகை என்றும் சொல்வார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பைன் மரக் காடும் வெளியில் இருந்து வந்து நடப்பட்டதே. ஆனால் அந்தக் காலத்தில் இவை ஊரைச் சுற்றிய சிறிய தோப்புகளாகவே இருந்தன.

பெரிய மாற்றம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது தோல் தொழில். தோலைப் பதப்படுத்த டானின் என்ற பொருள் வேண்டும். நம் ஊரில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் அதற்குப் பயன்பட்டன. கருப்பு வாட்டில் மரத்தின் பட்டையில் டானின் மிக அதிகம். அந்தப் பட்டை தென்னாப்பிரிக்காவில் இருந்து இறக்குமதி ஆகிவந்தது. அங்கு இந்தியர்கள் மீது காட்டப்பட்ட இனவெறியை எதிர்த்து 1946ல் இந்தியா அந்நாட்டுடன் வணிகத்தை நிறுத்தியது. தேவையான பட்டையை இங்கேயே வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

இரண்டாவது மரக்கூழ். காகிதத்துக்கும் ரேயான் நூலுக்கும் மரக்கூழ் தேவை. மேட்டுப்பாளையம் அருகே சிறுமுகையில் இயங்கிய சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலைக்கு நீலகிரி, பழனி மலைகளின் யூகலிப்டசும் வாட்டிலும் சென்றன.

மூன்றாவது அரசின் கொள்கை. 1950ல் மத்திய அமைச்சர் கே.எம்.முன்ஷி வனமகோத்சவம் என்ற மரம் நடு விழாவைத் தொடங்கி வைத்தார். 1952ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கும், மலைப்பகுதிகளில் 60 சதவீதமும் காடாக இருக்க வேண்டும் என்றது. இலக்கு நல்ல எண்ணத்தில் வைக்கப்பட்டதுதான். ஆனால் மலை மீது காலியாகத் தெரிந்த இடம் புல்வெளி. மரக்கன்றுகள் அங்கேயே நடப்பட்டன.

கணக்கு சொல்வது என்ன?

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எம்.அரசுமணி, வி.வி.ராபின் முதலிய ஆய்வாளர்கள் பழனி மலையின் 40 ஆண்டு மாற்றத்தை அளந்து 2018ல் வெளியிட்டார்கள். 1973ல் சுமார் 374 சதுர கிலோமீட்டராக இருந்த புல்வெளி, 2014ல் சுமார் 124 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. அதாவது மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. சோலைக்காடும் 31 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் மரத்தோட்டங்கள் சுமார் 18 சதுர கிலோமீட்டரில் இருந்து 217 சதுர கிலோமீட்டராக, 12 மடங்கு பெருகின. விவசாய நிலம் பெருகியதும் புல்வெளி குறைந்ததற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் மரத்தோட்டத்தின் பங்கு மிகப் பெரியது.

இதில் ஒரு வேடிக்கையும் வேதனையும் இருக்கிறது. மரங்களை மட்டும் எண்ணுபவருக்கு இந்த 40 ஆண்டுகளில் பழனி மலை "பசுமை" ஆகிவிட்டது போலத் தெரியும்.

ஓடைக்கு என்ன நேர்ந்தது?

பழனி மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் நீர் அமராவதிக்கும் சண்முக நதிக்கும் செல்கிறது. தெற்குச் சரிவின் நீர் வைகையைச் சேர்கிறது. மழைக்காலத்தில் பெய்யும் நீரை மண்ணில் தேக்கி, கோடையில் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுவது சோலையும் புல்வெளியும் சேர்ந்து செய்யும் வேலை.

இந்த வேலையை யூகலிப்டஸ் எப்படி மாற்றுகிறது என்பதை நீலகிரியில் கிளன்மார்கன் என்ற இடத்தில் அளந்து பார்த்தார்கள். உதகமண்டலத்தில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு நிலையம் இதைச் செய்தது. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஒன்று புல்வெளியாகவே விடப்பட்டது. மற்றொன்றின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் யூகலிப்டஸ் நடப்பட்டது. முதல் பத்து ஆண்டுகளில் மரம் நட்ட பகுதியில் இருந்து வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டிய பின் மீண்டும் துளிர்த்து வளர்ந்த இரண்டாவது சுற்றில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. கோடைக்கால நீரோட்டம் இதைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டது. ஓடையை நம்பிப் பூண்டு பயிரிடும் ஒரு கிராமத்துக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விளக்கத் தேவையில்லை.

கரியமில வாயுவுக்காவது நன்மை உண்டா?

நீர் போனாலும் பரவாயில்லை, வெப்பமாவது குறையுமே என்று சிலர் கேட்கலாம். அதற்கும் விடை அவ்வளவு எளிதல்ல. மரம் தன் கரிமத்தில் பெரும்பகுதியைத் தண்டிலும் கிளையிலும் வைத்திருக்கிறது. புல்வெளி தன் கரிமத்தில் பெரும்பகுதியை மண்ணுக்கு அடியில், வேரிலும் மக்கிலும் வைத்திருக்கிறது. புல்வெளியில் தீ வந்தால் மேலே உள்ள தாள் மட்டும் எரியும். அடுத்த மழையில் வேரில் இருந்து புல் மீண்டும் வரும். மரத்தோட்டத்தில் தீ வந்தால் பல ஆண்டுகள் சேர்த்தது சில நாட்களில் புகையாகிவிடும். 2024 ஏப்ரல் கடைசியில் பூம்பாறை, மன்னவனூர்ப் பகுதி காடுகளில் தீ பல நாட்கள் எரிந்தது. விறகுக்கும் காகிதத்துக்கும் வெட்டப்படும் மரத்தின் கரிமமும் விரைவிலேயே காற்றுக்குத் திரும்பிவிடுகிறது.

இந்தத் தவறு பழனி மலையோடு நிற்கவில்லை. 2019ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உலகில் மேலும் 90 கோடி ஹெக்டேர் பரப்பில் மரம் வளர இடம் உண்டு என்றும், அது 20,500 கோடி டன் கரிமத்தைச் சேமிக்கும் என்றும் எழுதினார்கள். உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் பல நாட்டு விஞ்ஞானிகள் உடனே மறுப்பு எழுதினார்கள். மரமில்லாத நிலத்தின் மண்ணில் ஏற்கெனவே உள்ள கரிமத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, இயற்கையான புல்வெளிகளையும் மரம் நட வேண்டிய இடமாக எண்ணிவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். கிளாவரைப் பக்கம் நடந்தது அதே தவறுதான். அளவு மட்டும் சிறியது.

வந்த மரத்தை வெட்டிவிட்டால் போதுமா?

1969லேயே தாவரவியல் அறிஞர் கே.எம்.மேத்யூ கொடைக்கானலின் வெளிநாட்டுத் தாவரங்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1985ல் பழனி மலைப் பாதுகாப்புக் குழு தொடங்கப்பட்டது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, வருமானத்தைவிடச் சுற்றுச்சூழலே முதன்மை என்று அறிவித்தது. 2013ல் சுமார் 609 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஆனது.

ஆனால் வாட்டில் அரசாணைக்குக் கட்டுப்படும் மரம் இல்லை. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். மரத்தை வெட்டினாலும் தீ வைத்தாலும், வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். அதனால் புல்வெளி தானாகவே வாட்டில் காடாக மாறிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1980களில் கொடைக்கானலுக்கு வந்து தங்கிய பாப் ஸ்டீவர்ட், டான்யா பால்கர் தம்பதியர் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையை நிறுவிச் சோலை மரக் கன்றுகளை வளர்த்தவர்கள். பழைய மரத்தோட்டங்களின் நிழலில், பறவைகள் கொண்டுவந்த விதையால் சோலை மரங்கள் தாமாக வளர்வதை அவர்கள் கவனித்துச் சொன்னார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எல்லாவற்றையும் ஒரே அடியாக வெட்டினால் புதிதாக வரும் சோலையும் சேர்ந்து அழியும். ஆகவே புல்வெளி மிஞ்சியிருக்கும் இடத்தில் வாட்டில் நாற்றைப் பிடுங்க வேண்டும். சோலை திரும்பும் இடத்தில் பொறுமையாக இருக்க வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து உதவாது.

மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம், வட்டவடை அருகே பழத்தோட்டம் என்ற இடத்தில் நல்ல முயற்சி ஒன்று நடக்கிறது. ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவைச் சேர்ந்த அங்கு 2019ல் மரத்தோட்டம் தீயில் எரிந்தது. கேரள வனத்துறையும் அங்குள்ள மலைவாழ் மக்களும் சேர்ந்து, முளைத்துவரும் வாட்டிலைப் பிடுங்கி, நாட்டுப் புல்லை நட்டு வருகிறார்கள். மரம் நடும் விழாவைப் பார்த்தவர்களுக்குப் புல் நடும் வேலை விந்தையாகத் தோன்றலாம். அந்த நிலத்துக்கு அதுவே சரியான வைத்தியம்.

முடிவுரை

2022ல் தமிழ்நாடு அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் காடு, மரப் பரப்பைச் சுமார் 24 சதவீதத்தில் இருந்து 33 சதவீதமாக உயர்த்துவது இதன் இலக்கு. அதே ஆண்டில் அயல் தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையும் வெளியானது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நடந்தால் நாட்டுக்கு நன்மை. இலக்கின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, காலியாகத் தெரியும் மலைச்சரிவில் குழி வெட்டினால் 1950களின் கதை மீண்டும் நடக்கும்.

மரம் நட இடமா இல்லை? சாலை ஓரம், வயல் வரப்பு, ஏரிக்கரை, பள்ளி வளாகம், மரம் வெட்டப்பட்ட அடிவாரக் காடு என்று எத்தனையோ இடம் இருக்கிறது. அங்கெல்லாம் வேம்பும் புங்கனும் பனையும் நடலாம். கிளாவரைக்கு மேலே மிஞ்சியிருக்கும் புல்வெளிக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அங்கே மரம் நடாமல் இருப்பது. ஓடையில் கோடையிலும் நீர் வருவதற்கும், 2030ல் குறிஞ்சி மீண்டும் பூக்கும்போது அதற்கு இடம் இருப்பதற்கும் அந்தப் புல் வேண்டும். கன்றை நடுவதற்கு முன் அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது என்று கேட்போம். அதன் பிறகு மண்வெட்டியை எடுப்போம்.