கார்புரேட்டர் வந்தது சரி, டிஸ்ட்ரிபியூட்டரும் வர வேண்டுமா?

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போன காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடமும் இருக்கிறது. 1990-இல் தொடங்கிய 3.7 கிலோமீட்டர் தடம் அது. மாருதி 800 எஞ்சினை வைத்து கோவை கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி காலத்திலிருந்தே, சொந்தமாக ஒரு கார் கட்டிப் பார்க்கும் ஆசை தமிழ்நாட்டில் பலரைப் பிடித்து ஆட்டுகிறது. அப்படிக் கட்டிய காரைப் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி, புது மாதிரி வண்டி அரசு அங்கீகரித்த சோதனை அமைப்பில் தேர்வாக வேண்டும். ஆகவே இங்கே பேசுவது தடத்திலும் தனியார் இடத்திலும் ஓடும் வண்டிகளைப் பற்றி மட்டுமே.

எஞ்சின் பெரும்பாலும் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரும். மலிவாகக் கிடைப்பது எம்பிஎஃப்ஐ எஞ்சின்; ஒயரிங் பாதி அறுந்திருக்கும், எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியு இருக்காது, இருந்தாலும் சாவியிலுள்ள சிப் இல்லாமல் உயிர் பெறாது. கார்புரேட்டரை மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று வேலையில் இறங்குகிறார்கள். பெட்ரோலுக்கு அது தீர்வுதான். ஆனால் பொறி எப்போது விழ வேண்டும் என்று தீர்மானித்ததும் அந்த ஈசியுதான். அதைக் கழற்றிய பிறகு அந்த முடிவை யார் எடுப்பது? வழி இரண்டு: பழையபடி டிஸ்ட்ரிபியூட்டர், அல்லது கிராங்க் புல்லியில் பல்சக்கரமும் சென்சாரும் வைத்துக் கணக்குப் போடும் தனி இக்னிஷன் பெட்டி.

எது நல்லது என்பதற்கு முன்னால், பொறிக்கு என்ன வேலை என்று பார்த்துவிடலாம். கலவை எரிந்து அழுத்தம் ஏற ஏதோ ஓரிரு மில்லிசெகண்ட் ஆகும். 1000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டில் 6 டிகிரி சுற்றுகிறது. 6000 ஆர்பிஎம்மில் 36 டிகிரி. எனவே வேகம் ஏற ஏறப் பொறி முந்த வேண்டும்; இந்த முந்தலைத்தான் அட்வான்ஸ் என்கிறோம். வேகம் மட்டும் போதாது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, அழுத்தம் குறைவு, எரிவதும் மெதுவாகத்தான். அப்போது இன்னும் முந்த வேண்டும். முழுக்க மிதித்தால் அந்தக் கூடுதலை உடனே திரும்ப எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் தட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் இந்த இரண்டு வேலையையும் மின்னணு எதுவும் இல்லாமல் செய்தது. மூடியைக் கழற்றி, ரோட்டரை எடுத்து, அடித்தட்டையும் தூக்கிப் பார்த்தால் இரண்டு எடைகள், இரண்டு ஸ்பிரிங்குகள். பல மாடல்களில் ஒரு ஸ்பிரிங் மெல்லியது, மற்றது தடித்தது, அதுவும் கொஞ்சம் தொளதொளவென்று மாட்டியிருக்கும். வேகம் ஏறி எடைகள் விரியும்போது முதலில் மெல்லியது மட்டும் இழுபடும், பிறகுதான் தடித்தது வேலைக்கு வரும். அட்வான்ஸ் முதலில் வேகமாகவும் பின்னர் நிதானமாகவும் ஏறுவது அதனால்தான். பக்கவாட்டில் இருக்கும் வேக்குவம் டப்பா லோடுக்கு ஏற்பத் தட்டைத் திருப்பும். பாடியில் 1961-இல் தொடங்கிய லூக்காஸ்-டிவிஎஸ் ஆண்டாண்டு காலம் செய்து கொடுத்தது இந்த மாதிரிப் பொருள்களைத்தான். பார்க்கப் பார்க்க மரியாதை வருகிற பொறியியல் இது.

ஆனால் அந்த எடையும் ஸ்பிரிங்கும் ஒரு குறிப்பிட்ட எஞ்சினுக்காக அளந்து வைத்தவை. காஞ்சிபுரத்துத் தறியில் ஜக்கார்டு அட்டையில் எந்தத் துளை போட்டார்களோ அந்தக் கோலம்தான் சேலையில் விழும். டிசைன் மாற வேண்டுமென்றால் அட்டையையே மாற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரும் அப்படித்தான்: தன் பழைய எஞ்சினின் டிசைனைத் தூக்கிக்கொண்டுதான் புது எஞ்சினுக்கு வரும். பலர் தடுக்கி விழும் இடம் இது. பழைய கார்புரேட்டர் எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வால்வு, ஓரமாகப் பிளக். 16 வால்வு எஞ்சினில் பிளக் நடுவில் இருப்பதால் தீ எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவி விரைவில் எரிந்து முடிகிறது. அதற்குக் குறைந்த அட்வான்ஸே போதும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரை அப்படியே அதன் தலையில் பொருத்தினால், ஐடிலில் டைமிங் லைட் அடித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத் தெரியும். 4000 ஆர்பிஎம்முக்கு மேல் பொறி தேவைக்கு அதிகமாக முந்தியிருக்கும். திறந்த எக்ஸாஸ்ட் சத்தத்தில் தட்டல் காதில் விழாது. சித்திரை வெயிலில், ரேடியேட்டரும் கொதிக்கும்போது, பிஸ்டன் பாழானதை எஞ்சினைப் பிரித்தால்தான் காண முடியும்.

தேய்மானத்தையும் சொல்லியாக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அங்கே 1 டிகிரி ஆட்டம் என்றால் கிராங்கில் 2 டிகிரி பிழை. தண்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அசைவு தெரிந்தால் புஷ் போய்விட்டது, காயிலின் மின்சாரத்தை வெட்டிப் பொறியை எழுப்பும் பாயிண்டின் இடைவெளியை எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு 6000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 200 பொறி, ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிசெகண்ட். அதிலும் பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில்தான் காயில் நிரம்ப வேண்டும். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் பிக்கப் போட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும், அட்வான்ஸ் வளைவு மட்டும் பழையபடியே இருக்கும்.

பல்சக்கரத்துக்கு வருவோம். புல்லியில் 36 பல்லுக்கு இடம், அதில் ஒன்று இல்லை. அந்த இடைவெளி சென்சாரைக் கடக்கும்போது, கிராங்க் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குத் தெரிந்துவிடும். காயில் பேக் 1-ஆம், 4-ஆம் சிலிண்டருக்கு ஒன்றாகவும் 2-ஆம், 3-ஆம் சிலிண்டருக்கு ஒன்றாகவும் பொறி கொடுக்கும்; ஜோடியில் ஒரு பொறி வீணாவதால் குறையொன்றும் இல்லை. பிரிட்டனில் லோட்டஸ் செவன் பாணிக் கார்களை வீட்டிலேயே கட்டுபவர்கள் ஃபோர்டின் எடிஸ் பெட்டியோடு மெகாஜோல்ட்டைச் சேர்த்து இந்த வழியைப் பிரபலமாக்கினார்கள். மெகாஜோல்ட்டில் வேகத்துக்குப் பத்து, லோடுக்குப் பத்து என நூறு கட்டங்கள்; ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை டிகிரி என்று நாமே எழுதலாம். லேப்டாப்பில் எண்ணை மாற்றினால் போதும். எடிஸில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: மெகாஜோல்ட் செத்துவிட்டாலும் எடிஸ் 10 டிகிரியில் பொறி கொடுத்துக்கொண்டே இருக்கும், வண்டி தவழ்ந்தாவது பிட்டுக்கு வந்து சேரும்.

இது சொகுசான வழி அல்ல. பல்சக்கரம் துளிகூடக் கோணாமல் சுற்ற வேண்டும், சென்சார் பிராக்கெட் அதிரக் கூடாது. சென்சார் ஒயரைப் பிளக் ஒயரோடு சேர்த்துக் கட்டினால் 5000-க்கு மேல் மிஸ்ஸிங் வரும், கார்புரேட்டர் ஜெட் மேல் பழி விழும். ரெசிஸ்டர் பிளக் அவசியம். என்ஜிகே பிளக்கில் எண்ணுக்கு முன்னால் ஆர் எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கெட்டுப்போகும் விதத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பாயிண்ட் நோய்வாய்ப்பட்டவர் மாதிரி முன்கூட்டியே முனகும்: ஸ்டார்ட்டிங் கஷ்டம், எடுப்பு குறைவு. ஐப்பசி மழையில் மூடிக்குள் ஈரம் கோத்தால் துணியால் துடைத்து ஓட்டலாம். மின்னணு சென்சார் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும்.

லோடை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் என் கணக்கில் கடைசி முடிச்சு. ஒற்றைக் கார்புரேட்டராக இருந்து, த்ராட்டில் தட்டுக்குச் சற்று மேலே வேக்குவம் துளையும் இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் டப்பா ஒழுங்காக வேலை செய்யும். மறைமலைநகர் யூகால், மிக்குனியோடு சேர்ந்து மாருதிக்காகச் செய்த கார்புரேட்டர்கள் இந்த வகைதான். சிலிண்டருக்கு ஒரு தொண்டையாகப் பக்கவாட்டுக் கார்புரேட்டர்கள் வைத்தால் வேக்குவம் துடித்துத் துடித்து வரும், டப்பாவால் பயனில்லை. அங்கே த்ராட்டில் தண்டில் ஒரு பொசிஷன் சென்சாரை மாட்டி, அந்தக் கோணத்தையே லோடாகக் கொள்வது மேல். தடத்தில் எந்நேரமும் முழு மிதி, வேக்குவம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பந்தயத்துக்கு மட்டுமே என்றால் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் பழகவும் பயிற்சிக்கும் ஓட்டும் வண்டி பாதி நேரம் பாதி மிதியில்தான் ஓடும். அங்கே பொறி பிந்தினால் எஞ்சின் சூடாகும், பெட்ரோலும் கரையும்.

ஆகவே என் தேர்வு எஞ்சினைப் பொறுத்தது. பழைய 796 சிசி மாருதி 800 அல்லது ஆம்னி எஞ்சின் என்றால், அதன் சொந்த டிஸ்ட்ரிபியூட்டரையே புஷ் மாற்றி, எலக்ட்ரானிக் பிக்கப்போடு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் எஞ்சினும் ஒன்றையொன்று அறிந்தவை. இன்ஜெக்‌ஷன் காலத்து 16 வால்வு எஞ்சின் என்றால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடிப் புதுப்பேட்டை அலைய வேண்டாம். கிராங்கில் பல்சக்கரம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த வழியானாலும் முதல் ஓட்டத்தில் முழு லோடு அட்வான்ஸை நாலைந்து டிகிரி குறைத்து வையுங்கள். பிறகு பிளக்கைக் கழற்றிப் பீங்கானில் கரும்புள்ளியோ அலுமினியத் துகளோ இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் மட்டும் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள்.