வளர்ப்பு விலங்குகளின் வாடை நீக்கம்

நாய், பூனை வளர்க்கும் வீட்டில் அவற்றின் சிறுநீர், தோல் எண்ணெய், எச்சில் ஆகியவற்றால் தங்கிவிடும் நாற்றத்தைப் போக்கும் வழிமுறைகள் இப்பெயரில் அடங்கும். சென்னையில் இது ஆண்டு முழுவதும் உள்ள வேலைதான்; ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் உண்மையான சோதனை. கோடையில் மறந்துபோன மூலையிலிருந்து அப்போது மூத்திர வாடை மறுபடி கிளம்பும். வீட்டார் நாயைத் திட்டுவார்கள். குற்றம் பெரும்பாலும் பழையது.

காரணம் வேதியியலில் இருக்கிறது. சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அமோனியா ஆக்குகின்றன; அந்த நெடி காற்றோட்டத்தில் கலைந்துவிடும். யூரிக் அமிலமும் அதன் உப்புகளும் எளிதில் கரையாமல் தரையின் நுண்துளைகளில் தங்கிவிடுகின்றன. காற்றில் ஈரம் ஏறியதும் அவை மீண்டும் மணக்கத் தொடங்கும். பூனையின் சிறுநீரில் இவற்றோடு ஃபெலினின் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலமும் உண்டு. அது மெல்லச் சிதைவதால் பூனை மூத்திரம் நாளாக ஆகத்தான் அதிகம் நாறும்; கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் இது மிகுதி. நனைந்த நாயின் வாடை வேறு வகை: தோலிலும் முடியிலும் வாழும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் உண்டாக்கும் சேர்மங்கள், ஈரம் ஆவியாகும்போது காற்றில் ஏறுகின்றன.

எந்தத் தரை என்று பார்க்காமல் துடைப்பதே தென்சென்னை வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் சிவப்பு ஆக்சைடு பூசிய சிமெண்ட் தரை, தி.நகரின் பழைய அடுக்ககங்களில் மொசைக், அடையாற்றின் புதிய குடியிருப்புகளில் விட்ரிஃபைடு டைல்ஸ். அமோனியாவை அடக்க வினிகர் உதவும் என்பது சரிதான். ஆனால் மொசைக்கில் பதிந்திருப்பது சலவைக்கல் சில்லு. அமிலம் அதை அரித்து மெருகைப் போக்கும். சொரசொரப்பான இடத்தில் அடுத்த முறை சிறுநீர் இன்னும் ஆழமாக இறங்கும். எலுமிச்சைச் சாறும் ‘ஆசிட்’டும் செய்வது இதே வேலைதான். டைல்ஸ் தரையில் டைல் எதையும் உறிஞ்சாது. இடுக்கிலுள்ள சிமெண்ட் உறிஞ்சும்.

புதிதாகப் பட்ட சிறுநீரைத் தேய்க்காமல், பழைய துணியை வைத்து அழுத்தி ஒற்றியெடுத்துக் குளிர்ந்த நீரால் கழுவ வேண்டும். பழைய கறையை இருட்டில் புற ஊதா டார்ச் காட்டிக்கொடுக்கும். அங்கே என்சைம் கிளீனரை ஊற்றி, போத்தலில் சொன்ன நேரம்வரை காயாமல் வைத்திருக்க வேண்டும். ஊற்றியதும் துடைத்தெடுத்தால் பணம் வீண். அதே இடத்தில் கிருமிநாசினி ஊற்றினால் என்சைம் செயலிழக்கும். துணி, தரைவிரிப்பு மீது ஆப்ப சோடாவைத் தூவி ஓர் இரவு விடலாம். இலவம்பஞ்சு மெத்தை நனைந்துவிட்டால் உறையைப் பிரித்துத் துவைத்து, பஞ்சை வெயிலில் உலர்த்துவதுதான் வழி. ஏ.சி. அறையின் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுவதால் அதன் வடிகட்டியையும் கழுவ வேண்டும். இதை மறக்கும் வீடுகளே அதிகம்.

வாடைக்கு வீட்டில் கைவசம் உள்ள மருந்துகள் பல, விலங்குக்கு நஞ்சு. பினாயில் வகைகளில் உள்ள ஃபீனால் சேர்மங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். அந்துருண்டையும் கற்பூரமும் நாய், பூனை இரண்டுக்கும் ஆபத்தானவை. சாம்பிராணிப் புகை நாற்றத்தை மூடுமே தவிர நீக்காது. ஆஸ்துமா உள்ள பூனைக்கு மூச்சும் திணறும். சிறுநீர் தேங்கிய இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால், அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு எழும். அது மனிதர் நுரையீரலையும் விடாது.

பூனைக்கு மணல் தட்டு வைப்பவர்கள் பலர் கட்டட மணலைத்தான் கொட்டுகிறார்கள். மணல் சிறுநீரை உறிஞ்சாது; அடியில் தேங்கவிடும். 1947இல் அமெரிக்காவின் மிச்சிகனில் எட் லோ என்பவர் பக்கத்துவீட்டுப் பூனைக்கு உறிஞ்சும் களிமண்ணைக் கொடுத்ததிலிருந்துதான் ‘கேட் லிட்டர்’ வணிகம் பிறந்தது. இன்று கட்டியாகும் வகையில் இருப்பது பெண்டோனைட் களிமண். அது குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏராளம். தட்டைத் தினமும் அள்ளுவது வாடைக்கு மட்டுமல்ல: மலத்தில் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருந்தால், அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். கர்ப்பிணிகள் இந்த வேலையை மற்றவரிடம் விடுவது நல்லது. மழைக்காலத்தில் நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால் கையுறையும் தேவை.

வாடைப் பிரச்சினை அடுக்ககச் சங்கக் கூட்டம்வரை போவதுண்டு. 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கி, 2018வரை சென்னையிலேயே தலைமையகம் வைத்திருந்த இந்திய விலங்குகள் நல வாரியம், வளர்ப்பு விலங்குகளுக்குச் சங்கங்கள் தடை போட முடியாது என்று 2015இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. சட்டம் துணைக்கு வரும்; மாடிப்படி நாற்றத்துக்கு அது பதில் ஆகாது.

ஆண் பூனை சுவரில் பீய்ச்சும் பழக்கம் கருத்தடைக்குப் பின் பெரும்பாலும் நின்றுவிடும். நாயின் காதிலிருந்தோ வாயிலிருந்தோ கெட்ட நாற்றம் வந்தால் அது குளிப்பாட்டித் தீராது, நோய். பழகிய இடத்தை விட்டுக் கண்ட இடத்தில் திடீரெனச் சிறுநீர் கழிப்பதும் சிறுநீர்ப்பைக் கோளாறாக இருக்கலாம். ஆண் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டுக்கூட வராவிட்டால் அன்றே பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ, 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். தரையைப் பிறகு துடைத்துக்கொள்ளலாம்.