தேவதாருவும் தெளிந்த பூச்சும்: வெளிப்புற மரவேலையின் வரலாற்றிலிருந்து

இமாசலப் பிரதேசத்தின் பர்மோரில் உள்ள லட்சணா தேவி கோயில், மேருவர்மன் காலத்ததாக, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக அறிஞர்களால் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதன் முகப்பு மரச்சிற்பங்கள் வெயிலாலும் பனியாலும் தேய்ந்து நரைத்துள்ளன. உள்ளே தூண்களும் விதானமும் உளியின் கூர்மையை இன்றும் காட்டுகின்றன. இவ்விரண்டையும் பிரிப்பது பூச்சு அன்று, கூரையே. அண்மைக்காலத்தில் மலைநாட்டுக் கோயில்கள் பலவற்றில் தேவதாரு மரவேலைக்குப் பளபளக்கும் தெளிந்த வார்னிஷ் பூசும் வழக்கம் பரவியிருப்பதால், இந்த வேறுபாட்டின் பொருளை வரலாற்று நோக்கில் ஆராய்வது தேவையாகிறது.

முதலில் பெயர்க்குழப்பம். ஆங்கில வணிகத்தில் 'சீடர்' எனப்படுவன பல. வட அமெரிக்காவின் மேற்குச் செஞ்சீடர், தூயா என்னும் வேறு பேரினம். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் தேவதாரம் என்று வழங்கும் சிறுமரமும் இமயத்தின் தேவதாருவுக்கு உறவன்று. இங்கே பேசப்படுவது சீட்ரஸ் தியோதாரா மட்டுமே. அதன் காழ்ப்பகுதியில் ஊறியுள்ள நறுமண எண்ணெய் பூஞ்சையையும் கரையானையும் தடுக்கிறது. வெளிற்றுப் பகுதிக்கு அந்த வலிமை இல்லை. அந்த எண்ணெயே மேலே பூசப்படும் வார்னிஷ் சரியாக உலர்வதையும் ஓரளவு தடுக்கிறது.

ஆக, தேவதாருவின் பகை மக்குதல் அன்று, ஒளி. மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னினைப் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிச் செல்கிறது. எஞ்சும் நார் வெள்ளியாக நரைக்கிறது. முழுதும் வெயில்படும் மென்மரம் நூறாண்டில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தேய்வதாக மர ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இக்கணக்கை அப்படியே பர்மோருக்குப் பொருத்தினால் 13 நூற்றாண்டுகளில் 8 சென்டிமீட்டர் அளவுக்கு மரம் போயிருக்க வேண்டும், சிற்பமே எஞ்சியிராது. தேய்ந்தேனும் அது நிற்பதற்கு, அம்முகப்பு பெரும்பகுதிக் காலம் ஏதோ ஒரு கூரையின் மறைவில் இருந்தது என்பதே பொருத்தமான விளக்கம். 1553இல் குலூ அரசர் பகதூர் சிங் எழுப்பிய மணாலி இடும்பி கோயிலின் அடுக்குக் கூரையையும், அதன் செதுக்கு வாயிலுக்கு மேல் நீளும் இறவாரத்தையும் இந்த நோக்கில்தான் காண வேண்டும்.

பழையவர்கள் பூச்சை அறியாதவர்கள் அல்லர். வராகமிகிரரின் பிருகத் சம்கிதை வச்சிரலேபம் என்னும் கூட்டைக் கூறுகிறது: விளா முதலியவற்றைக் காய்ச்சிய கசாயத்தில் குங்கிலியம், குக்குலு, ஆளிவிதை போன்றவை சேரும். அது ஒரு கோடி ஆண்டு நிலைக்கும் என்பது நூலின் வாக்கு. (இன்றைய வார்னிஷ் டின்கள் பத்தாண்டோடு அடக்கிக்கொள்கின்றன.) அபுல் ஃபசலின் அயினி அக்பரி தட்டித்திரைகளுக்கு அரக்குப் பூசும் விகிதங்களைத் தருகிறது. அரக்கோடு சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் சேர்க்கப்பட்டன. அது தெளிந்த பூச்சு அன்று. நிறமித் துகள் கலந்தது. ஒளியை மறிப்பது அத்துகளே. அழகுக்காகச் சேர்த்தது காப்பாகவும் அமைந்தது.

மரத்தின் இயல்நிறமே தெரிய வேண்டும் என்ற விருப்பம் வலுத்தபோதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மழை ஈரம் பட்டால் வெளுத்துவிடும். அது அறைக்கலனுக்கு உரியது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் வெளியில் கருத்து, தூசி பிடித்து, பூசணத்துக்கு உணவாகும். கப்பல் பாய்மரங்களுக்கென உருவான நெகிழ்வான வார்னிஷ் இவற்றினும் மேலானது; ஆனால் அதன் ஊடாகவும் ஒளி புகுகிறது. மரத்தின் மேற்பரப்புச் சிதைய, பூச்சு பற்றிநிற்க இடமின்றி உரிகிறது. மலை உயரத்தில் புற ஊதாக் கதிர் மிகுதி என்பதால் இது சில ஆண்டுகளிலேயே நிகழ்கிறது.

வேதிமுறைக் காப்பின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தனியிடம் உண்டு. தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் சேர்ந்த கலவையை உருவாக்கினார். அது உலகெங்கும் பரவியது. அதிலுள்ள குரோமியம் ஒளிச்சிதைவையும் ஓரளவு தாமதப்படுத்துகிறது. ஆயினும் மரம் பச்சை பாய்கிறது; ஆர்சனிக் கருதி அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து 2003 இறுதியோடு அது விலக்கப்பட்டது. பழஞ்சிற்பத்துக்கு அது தீர்வாகாது.

இந்நிலையில் தேர்வு குறித்து என் கருத்து இது. செதுக்கு வேலை உள்ள இடத்தில் படலம் கட்டும் எந்தத் தெளிந்த பூச்சும் கூடாது. உரிந்த வார்னிஷை மீண்டும் பூச வேண்டுமானால் முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பிலும் உளித்தடம் குறைகிறது. வெயில் நூறாண்டில் செய்வதைப் பராமரிப்பு என்ற பெயரில் ஒரு வாரத்தில் செய்துவிடுகிறோம். புதிய, செதுக்கற்ற பலகைகளுக்கு நுண்ணிய இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த, மரத்தில் ஊறும் எண்ணெய் ஏற்றது. அது உரியாது, தேய்க்காமலே மறுபடி பூசலாம். நிறம் சற்றே மாறும். அதை ஏற்கத்தான் வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: மலைநாட்டு மரபு பழையதைக் காப்பதன்று, புதுப்பிப்பது, காத்-குனி கட்டடத்தில் உளுத்த கட்டையை மாற்றுவதே முறை. இந்திய மரபறக்கட்டளையான இன்டாக்கின் 2004ஆம் ஆண்டுச் சாசனமும் கைவினைஞர் மரபுக்கு இடம் தருகிறது. இம்மறுப்பு தேவதாரு எளிதில் கிடைத்த காலத்துக்குப் பொருந்தும். ரயில்பாதைக் கட்டைகளுக்காக மேற்கு இமயக் காடுகள் வெட்டப்பட்டன. சம்பா அரசின் காடுகளை 1864இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பிரிட்டிஷார் எடுத்தனர். பழைய தூணுக்கு இணையான பருமனில் நெருங்கிய வளையங்கொண்ட முதுமரம் இன்று எளிதில் வாய்ப்பதில்லை. எனவே புதுப்பிப்பு மரபைத் தொடர விரும்புவோர் கூட, எஞ்சியிருக்கும் மேற்பரப்பின் மீது உப்புத்தாளை வைக்குமுன், மேலே இறவாரத்துச் சிலேட்டு எங்கெங்கே நழுவியிருக்கிறது என்று பார்ப்பதிலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டும்.